வெயில் வாத்தியார்

நடுவர் விசில் கைக்கு வந்த புதிதில் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். கூட்டம் ஏசினால் என்ன செய்வது? சட்டப் புத்தகத்தை நெட்டுருப் போட்டுவிட்டு வந்த தம்பிகள்கூட, மைதானத்துக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் தொண்டைகளைக் கேட்டதும் முகம் வெளுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். காதில் வாங்காதே என்று சொல்லும் மூத்தவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கூட்டம் சொல்வதில் பாதி சரியாகத்தான் இருக்கும். எந்தப் பாதி என்பதை மட்டும் அது சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் நம்மை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஏச்சுக்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம். பகலில் எனக்குத் துறைமுகக் கிடங்கில் கிராணி வேலை. வருகிற சரக்குக்கும் போகிற சரக்குக்கும் கணக்கெழுத வேண்டும். மாலையில் பாடாங் மைதானத்தில் விசில். வாரம் தவறாமல் கயிற்றோரம் நின்று என்னைக் குருடன் என்று கத்துகிற ஒரு மனிதர் இருந்தார். அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது, "நீங்க வந்து ஒரு பார்வை பாருங்கண்ணே, உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளை நல்ல பையன். கல்யாணத்துக்கு மறுவாரமே நான் மறுபடியும் குருடன் ஆனேன்.

ஆகவே ஏச்சு நம்மை ஒன்றும் செய்யாது. நாம் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. கூட்டத்தின் ஏச்சு நம்மைத் தாண்டிப் போய் வேறு யார் மேலாவது விழும். அவர் அது தாங்காமல் ஒரு காரியம் செய்யத் துணிவார். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. அருளப்பன் வாத்தியார் கதையை உங்களுக்குச் சொல்ல நினைத்தது அதற்காகத்தான்.

முப்பதுகளில், ஊரார் காலேஜ் என்று பெருமையாக அழைத்த பள்ளிக்கூடம் ஒன்று ஜார்ஜ் டவுனில் இருந்தது. அதன் கால்பந்துக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தவர் அருளப்பன். வகுப்பில் பூகோளம் நடத்துவார். ஒல்லியான உடம்பு, தாழ்ந்த குரல், எப்போதும் கையில் ஒரு கறுப்புக் குடை. தொடர்ந்து சில பருவங்களாக அவர் குழு தோற்கவே இல்லை. பத்திரிகைக்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் பெயரை எழுதும்போதெல்லாம் முன்னால் 'தோல்வியறியா' என்று போட்டுவிடுவார்கள். அருளப்பன் தும்மினால்கூடத் தோல்வியறியா அருளப்பன் தும்மினார் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

எதிர்த்தரப்பு ரசிகர்களுக்கு இது பொறுக்கவில்லை. அவர்களுடைய தலைவர் காசிம் நானா. வெல்ட் கீ துறைமுகத்து ஓரத்தில் நாசி கண்டார் விற்பவர். ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு என்று காவடி போலத் தோளில் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் புறப்படுவார். கப்பலில் சரக்கு இறக்குகிறவர்கள் பாதிப்பேர் அவர் கையால்தான் சாப்பிடுவார்கள். கரையில் நின்று அவர் கூப்பிட்டால் தொங்காங் படகில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட குரல். அவருடைய மகன் ஜமால் போட்டிப் பள்ளிக்கூடத்துக் குழுவின் தலைவன். அதனால் நானா அந்தப் பள்ளிக்கூடத்தின் பக்கம், நானாவிடம் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் நானாவின் பக்கம்.

நானாவின் வாதம் இதுதான். அருளப்பன் தோற்கவில்லை என்பது உண்மை. ஆனால் எப்போது ஆடினார்? வெயில் காய்கிற நாளில் மட்டும். மலைப்பக்கம் கறுத்தாலே போதும், குடையை ஊன்றிக்கொண்டு நடுவரிடம் போய், "மைதானத்தைக் கொஞ்சம் பாருங்க சார்" என்பார். நடுவரும் பார்ப்பார். பாடாங்கில் கடற்கரைப் பக்கம் எப்போதும் தண்ணீர் தேங்கும். ஆட்டம் தள்ளிப் போகும். பிறகு காய்ந்த தரையில் ஆடி அருளப்பன் ஜெயித்துவிடுவார்.

"இவரு போலா வாத்தியாரு இல்லலா, வெயில் வாத்தியாரு. வடாம் காயப்போடத்தான் லாயக்கு" என்றார் நானா. அன்றைக்கு ஒட்டிக்கொண்டது பெயர். அதோடு ஒரு கூப்பாட்டையும் கட்டிவிட்டார். பந்துக்கு மலாயில் போலா, மழைக்கு ஹூஜான், ஓடு என்பதற்கு லாரி. நானா "ஹூஜான்!" என்று குரல் கொடுப்பார், ஓரத்தில் நிற்கும் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் சேர்ந்து "லாரி! லாரி!" என்று முடிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் அருளப்பன் வாத்தியாரைத் தெருவில் பார்த்தால்கூட வானத்தைக் காட்டி லாரி லாரி என்று கத்த ஆரம்பித்தார்கள். அவர் குடையை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்து போய்விடுவார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கால்பந்து என்று பார்த்தால் நானா சொன்னது ஏறக்குறைய சரி. அருளப்பன் பெரிய தந்திரக்காரர் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். பந்தை ஓரத்துக்குத் தள்ளு, வேகமான பையன் கொண்டுபோய்க் கோல் முன்னால் போடட்டும். பத்திரிகை எழுதிய அளவுக்கு அவர் மேதாவி இல்லை. அது அவருக்கும் தெரியும். ஒருமுறை நான் அந்தப் பட்டத்தைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்தபோது, "அதை நான் போட்டுக்கல சார், கழட்டவும் என்னால முடியல" என்றார்.

ஆனால் மழை விஷயத்தில் நானாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். நான் குடியிருந்தது டத்தோ கிராமாட்டில். எங்கள் சந்தில் கடைசி வீடு மாரிமுத்து என்ற பையனுடையது. அருளப்பனின் குழுவில் வலது ஓரத்தில் ஆடியவன், முயல் மாதிரி ஓடுவான். ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு திடலில் சும்மா ஆடிய சிநேக ஆட்டம், தூறலோடு ஆரம்பித்தது. பார்க்க வந்தவர்கள் கைவிரலில் எண்ணிவிடலாம், பத்திரிகையில் வராத ஆட்டம். மாரிமுத்து வெறுங்காலோடு ஆடினான். எதிரே வந்தவன் பூட்ஸ் போட்டிருந்தான். மாரிமுத்து சேற்றில் வழுக்கி நிலை தவறிய நேரத்தில் பூட்ஸ் அவன் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் எலும்புக்கு அது தெரியாதே.

அந்தக் காலத்து பூட்ஸை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அடியில் தோல் கட்டைகளை ஆணி வைத்து அறைந்திருப்பார்கள். ஈரத்தில் அது தரையைக் கவ்விப் பிடிக்கும். வெறுங்கால் எதையும் பிடிக்காது. காய்ந்த தரையில் வெறுங்கால் பையன் பூட்ஸ்காரனுக்குத் தண்ணி காட்டிவிட்டு ஓடிவிடலாம். சேற்றில் ஓட வழியில்லை.

அருளப்பன் குழுவில் பாதிப்பேர் வெறுங்கால்தான். கணுக்காலில் துணிப்பட்டி சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். கேட்டால், "வெறுங்காலுதான்ணே வேகம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். ஊரும் அதை நம்பியது, வெறுங்கால் வீரர்கள் என்று புகழ்ந்தது. உள்ளபடி, அவர்களிடம் பூட்ஸ் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், சாலை போடுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு சட்டை இருந்தால் பெரிது.

மாரிமுத்துவின் கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. நடப்பான், ஓட்டம் போய்விட்டது. அருளப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைப் பார்க்க வருவார். அவன் அம்மாதான் என்னிடம் சொன்னார்: "வாத்தியார் என் கையைப் புடிச்சிக்கிட்டு அழுதுட்டாருண்ணே. இனிமே எந்தப் புள்ளையையும் ஈரத்துல எறக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனாரு."

இதை அவர் நாலு பேரிடம் சொல்லியிருந்தால் வெயில் வாத்தியார் என்ற பெயர் அன்றைக்கே செத்திருக்கும். நானும் ஒருநாள் அவரிடமே கேட்டேன். "என்ன சார் சொல்றது? என் பசங்களுக்கு பூட்ஸ் வாங்க வழியில்லன்னா? அவனுங்க அதை மறைக்க எவ்வளவு பாடுபடறானுங்கன்னு உங்களுக்குத் தெரியாது. என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். பள்ளிகளுக்கு இடையிலான கோப்பைக்குக் கடைசி ஆட்டம். ஒரு பக்கம் அருளப்பனின் குழு, மறுபக்கம் ஜமாலின் குழு. நான் நடுவர். மதியம் மலைப்பக்கம் இருந்து இறங்கிய மழை கொட்டித் தீர்த்துவிட்டு, ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்தது. வேலை முடிந்த துறைமுகத்து ஆட்கள் அத்தனை பேரும் பாடாங்கில்தான் இருந்தார்கள்.

மைதானம் ஆடத் தகுந்ததா என்று பார்க்க நமக்குச் சொல்லிக்கொடுத்த முறை உங்களுக்குத் தெரியும். பந்தை மார்பு உயரத்திலிருந்து கீழே விட வேண்டும். எழும்பினால் ஆட்டம், எழும்பாமல் ஒட்டிக்கொண்டால் இல்லை. நான் நடுவில் நின்று பந்தை விட்டேன், எழும்பியது. கூட்டம் கைதட்டியது. கடற்கரைப் பக்கத்து மூலைக்குப் போய் அங்கேயும் விட்டேன். சோம்பலாக, ஆனாலும் எழும்பத்தான் செய்தது. கைதட்டல் இன்னும் பெரிதானது. வழக்கப்படி பார்த்தால் பேச்சே இல்லை, விசில் ஊத வேண்டியதுதான்.

அப்போது அருளப்பன் குடையோடு என்னை நோக்கி நடந்து வந்தார். கூட்டம் காத்திருந்தது அதற்குத்தான். "ஹூஜான்!" என்றார் நானா. "லாரி! லாரி!" என்று பாடாங்கே அதிர்ந்தது. வழக்கமான வாக்கியத்துக்கு நான் தயாராக இருந்தேன்.

"ஆட்டத்தை நடத்துங்க சார்" என்றார் அருளப்பன்.

என் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்தது. "என்ன வாத்தியாரே?"

"பந்து எந்திரிச்சுதில்ல? நடத்துங்க."

அவர் முகத்தில் இரத்தமே இல்லை. நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "மாரிமுத்து அம்மாகிட்ட என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். இப்ப என்ன ஆச்சு?"

"என் காதுல விழுந்தா நான் தாங்கிக்குவேன் சார். இப்ப பசங்க காதுல விழுது." அவர் திரும்பித் தன் பையன்களைப் பார்த்தார். அவர்கள் கயிற்றோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற சிலர் மேல் யாரோ எறிந்த சேறு அப்பியிருந்தது. "பயந்தாங்கொள்ளி பசங்கன்னு சொல்றாங்க. ஒருத்தன் வந்து என் காலைப் புடிக்கிறான், இன்னைக்கு மட்டும் விடுங்க சார்னு. நான் என்னான்னு சொல்லித் தடுக்கறது?"

தம்பிகளே, அந்த இடத்தில் நான் நின்ற நிலையை நினைத்துப் பாருங்கள். பந்து எழும்பிவிட்டது. இரண்டு தரப்பும் ஆடு என்கிறது. கூட்டமும் ஆடு என்கிறது. நிறுத்தினால் கால்பந்துச் சங்கத்தில் காரணம் கேட்டு என் விசிலைப் பிடுங்கிவிடுவார்கள். நடத்தினால் ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. எல்லாரும் ஒரே குரலில் சரி என்று சொல்லும்போது நம் வேலை சுலபமாகிவிடுகிறது. அந்தச் சுலபம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் தரையில் உட்கார்ந்து என் பூட்ஸைக் கழற்றினேன்.

எதற்காக என்று கேட்டால் அப்போது தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்காது. பந்து விழுந்தால் பந்துக்கு என்ன ஆகப் போகிறது, விழப்போவது பையன்கள் ஆயிற்றே என்று மட்டும் தோன்றியது. வெறுங்காலோடு கடற்கரைப் பக்கம் ஓடினேன். மூலைக்கு வந்து ஆட்டத்தில் திரும்புவது போலச் சடக்கென்று திரும்பினேன். வானம் தெரிந்தது. மல்லாந்து கிடந்தேன்.

அந்தச் சிரிப்பை நான் மறக்கவே மாட்டேன். "ரெப்ரி நீச்சலடிக்கிறாரு!" என்று யாரோ கத்தினார்கள். சேறு சொட்டச் சொட்ட நடுவுக்கு வந்து இரண்டு குழுத் தலைவர்களையும் கூப்பிட்டேன். இன்றைக்கு ஆட்டம் இல்லை என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. அதன்பிறகு வந்த கூச்சலை நான் சொல்ல முடியாது. எல்லாம் அருளப்பன் மேல்தான். அவர் வந்து பேசியதைப் பார்த்தார்கள், ஆட்டம் நின்றதைப் பார்த்தார்கள், என்ன பேசினார் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு சேற்று உருண்டை வந்து அவர் குடையில் மோதியது. காசிம் நானா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"ரெப்ரி, என்னா ஞாயம் இது? போலா எந்திரிச்சுதுலா! கண்ணால பார்த்தோம்!"

"நான் விழுந்தேன், அதையும் பார்த்தீங்கள்ல நானா?"

"நீங்க கிடங்குல உக்காந்து உக்காந்து காலே மறந்துபோன ஆளு! நான் பொழுது விடிஞ்சா தோள்ல சோத்தோட மழையில வெறுங்காலோட நடக்கிறவன். ஒரு நாளு விழுந்திருப்பேனா? ஒரு சொட்டுக் கொழம்பு சிந்தியிருப்பேனா? கேளுங்க இவனுங்கள!"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. அந்த இடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"அப்ப நீங்களே ஓடிக் காட்டுங்க நானா. போலாவை எடுத்துக்கிட்டு அந்த மூலைக்கு ஓடுங்க. உங்க மகன் வந்து புடுங்கட்டும். ஆட்டத்துல புடுங்குற மாதிரியே புடுங்கணும். நீங்க நின்னுட்டீங்கன்னா இப்பவே விசில் ஊதுறேன்."

நானாவுக்கு வேறென்ன வேண்டும்? இளவயதில் அவரும் ஆடியவர்தான். கைலியை மடித்துக் கட்டினார். கட்டைச் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கூட்டம் அவர் பேரைச் சொல்லிக் கூவியது. இப்படி ஒரு வேடிக்கையை அவர்கள் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. ஜமால் மட்டும் தயங்கினான். "போடா, சும்மா பாவலா காட்டாத. ஆட்டத்துல வர்ற மாதிரி வா" என்று நானாவே அதட்டினார்.

நானா பந்தோடு புறப்பட்டார். நன்றாகத்தான் தள்ளிக்கொண்டு போனார். மூலைக்குப் பக்கத்தில் சேறு ஆரம்பித்த இடத்தில் அவர் கால் இழுத்தது, கை இரண்டும் காற்றில் துழாவின, ஆனாலும் விழவில்லை. அந்த நேரத்தில் எதிரிலிருந்து ஜமால் வந்தான். நல்ல ஆட்டக்காரன் அவன், வேகமாக வந்தான். பூட்ஸ் சேற்றைக் கவ்வக் கவ்வ நேராக வந்தான். வலது காலைத் தூக்கினான்.

வைக்கவில்லை. உடம்பை வளைத்துத் தன்னையே பக்கவாட்டில் எறிந்துகொண்டு, அப்பாவைத் தாண்டிப் போய் விழுந்தான்.

"என்னடா! போலாவை எடுடா!" என்று நானா கத்தினார்.

"மாட்டேன் அத்தா."

"ஏன்டா?"

ஜமால் எழுந்து உட்கார்ந்தான். அழுகிற குரலில்தான் சொன்னான். "நீங்க நிக்க முடியாம வர்றீங்க அத்தா. நான் கால் வச்சா போலாவுல படாது. உங்க கால்லதான் எறங்கும். முறிஞ்சிடும்."

அருகில் நின்றவர்களுக்கு அது கேட்டது. அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களைப் பார்த்துப் பின்னால் நின்றவர்கள் நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கடல் சத்தம் கேட்டது.

நானா தன் காலைக் குனிந்து பார்த்தார். மகன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு கயிற்றோரம் நின்ற அருளப்பனின் பையன்களை, அவர்கள் முகத்தை அல்ல, காலை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். துணிப்பட்டி சுற்றிய சின்னக் கால்கள். மகனிடம் திரும்பினார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, பக்கத்தில் நின்ற எனக்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

"என் கால்ல வைக்க மாட்டே. அந்தப் புள்ளைங்க கால்ல வைப்பியாடா?"

நானா பதிலுக்காக நிற்கவில்லை. என்னிடம் வந்து கட்டைச் செருப்பை வாங்கிக்கொண்டார், போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "போங்கலா, வூட்டுக்குப் போங்க. இன்னைக்கு ஆட்டம் இல்ல. ரெப்ரி சொல்லிட்டாருல்ல?"

கலைந்து போனார்கள். முணுமுணுப்பு இருந்தது, சேறு பறக்கவில்லை. அருளப்பன் நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை. நான் பக்கத்தில் போனதும், "நீங்க ஊதியிருந்தீங்கன்னா நான் எறக்கியிருப்பேன் சார். அந்தம்மா மொகத்துல எப்படி முழிச்சிருப்பேன்?" என்றார். குடையை விரித்து அதற்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். மழை இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

மறுநாள் சங்கத்தில் என்னை நிற்க வைத்துக் கேட்டார்கள். வெறுங்காலைப் பற்றிச் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்றார் ஒரு பெரியவர். எங்கும் இல்லைதான். மைதானம் ஆடத் தகுந்ததா என்று தீர்மானிப்பது நடுவர் என்று இருக்கிறது, யாருடைய காலுக்கு என்று கேட்கக் கூடாது என்று இல்லையே என்றேன். அவர் என்னை முறைத்தார். விசில் என்னிடமே இருந்தது. நான் பெரிய வீரன் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. என் முடிவை அந்தக் கூட்டம் நம்ப வைத்தவன் நான் அல்ல, ஜமால். நம் முடிவு சரியாக இருந்தாலும், மைதானத்தில் நிற்கிறவர்களே அதைச் சரி என்று உணரும் வழி ஒன்று கிடைக்குமானால் அதைத் தேடிப் பாருங்கள். விசிலை ஓங்கி ஊதுவதைவிட அது நல்லது. அதற்காக எல்லாருடைய அப்பாவையும் மைதானத்தில் இறக்கிவிடாதீர்கள். எனக்கு அது ஒரு தடவை பலித்தது.

ஒத்திப்போட்ட ஆட்டம் வேறொரு நாள் நடந்தது. நல்ல வெயில், தரை சுட்டது. வெறுங்கால் பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஆனால் ஜமாலின் குழு அன்றைக்கு அருளப்பனின் ஒரே வித்தைக்கு மாற்று கண்டுபிடித்திருந்தது. ஓரத்துப் பையனைப் பந்தே தொடவிடாமல் மறித்துக்கொண்டார்கள். கடைசியில் ஜமால் அடித்த ஒரு கோலில் அருளப்பன் தோற்றார். இத்தனை பருவங்களுக்குப் பிறகு முதல் தோல்வி. நானா ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தது சரி என்று ஆனது. அந்தப் பயிற்சியில் அதற்குமேல் சரக்கு இல்லை.

ஆட்டம் முடிந்ததும் கயிற்றோரம் நின்ற ஒரு துறைமுகத்து ஆள் துள்ளிக் குதித்தான். "முடிஞ்சுதுலா வெயில் வாத்தியார் கதை!" என்றான். நானாவின் பக்கம் பார்த்து, "ஹூஜான்!" என்று குரல் கொடுத்தான்.

நானா அவன் தோளில் கையை வைத்தார். "மேல பாரு. ஹூஜான் எங்கடா இருக்கு? மண்டையைப் பொளக்குற வெயிலு. வெயில்ல தோத்தவரை எப்படிடா வெயில் வாத்தியாருன்னு கூப்பிடுவே?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அத்தோடு அந்தப் பெயர் போயிற்று. மறுநாள் பத்திரிகையிலிருந்து 'தோல்வியறியா'வும் போயிற்று. ஒரே ஆட்டத்தில் மனிதருக்கு இரண்டு பாரமும் இறங்கியது. அடுத்த பருவத்திலும் அவரேதான் பயிற்சி கொடுத்தார். ஜெயித்தார், தோற்றார், ஈரத்தில் மட்டும் யாரையும் இறக்கவில்லை. அவர் மைதானத்தைப் பார்க்கச் சொல்லி வரும்போது கயிற்றோரம் இருந்து ஒரு சத்தமும் வராது.

அந்தத் தோல்விக்குச் சில நாள் கழித்து நான் வெல்ட் கீயில் நானாவிடம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அருளப்பன் அந்தப் பக்கம் வந்தார். அதுவரை அவர் அந்த வழியாகவே நடக்க மாட்டார், சுற்றிக்கொண்டு போவார். என்னைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார், போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். மலைப்பக்கம் நன்றாகக் கறுத்திருந்தது. முதல் தூறல் விழுந்து சோற்றுப் பானையின் மூடியில் சத்தம் கேட்டது. அவர் குடையை விரிக்கப் போனார்.

நானா தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினார். எனக்கு ஊற்றியதைவிடத் தாராளமாகத்தான் ஊற்றினார். அதை நீட்டிக்கொண்டே, படகுக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

"ஹூஜான் வருது வாத்தியாரே! ஓடாதீங்க, உக்காந்து சாப்பிடுங்க."